தூங்கும் பெட்டியில் தண்ணீர் தீர்ந்த கதை

இதையெல்லாம் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். பெட்டி எஸ் ஏழு என்று நான் சொல்கிறேன். அதில் பயணம் செய்த இரண்டு பேர் எஸ் நான்கு என்று சத்தியம் செய்கிறார்கள். ஆவணி மாதம் என்பது என் ஞாபகம். செண்பகவல்லியோ, அன்று தான் கட்டிக்கொண்டு போனது மாங்காய்ச் சாதம், ஆவணியில் ஏது மாங்காய் என்று கேட்கிறாள். அந்தக் காலத்தில் நடந்த எதைக் கேட்டாலும் இப்படித்தான். ஊரே கண்ணை மூடிக்கொண்டிருந்த காலம் அது. அவள் சொன்னதையும், மற்றவர்கள் சொன்னதில் அவள் மறுக்காததையும் சேர்த்து எழுதுகிறேன். இடையில் எங்காவது நானாக ஏதாவது சேர்த்திருந்தால் அதுவும் எனக்குத் தெரியாமல் சேர்ந்ததாகத்தான் இருக்கும்.

செண்பகவல்லி வெள்ளிக்கிழமைதோறும் எழும்பூரில் ரயில் ஏறுவாள். ஆக்சிஜன் இயந்திரங்களுக்கு வால்வு செய்யும் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அத்தியாவசிய வேலை என்பதால் பயண அனுமதி இருந்தது. கணவன் சுடலைமுத்து கோவில்பட்டியில், தீப்பெட்டித் தொழிற்சாலையில் மெக்கானிக். இரண்டு பக்கத்து உறவுகளும் இனி இவர்களுக்கு நடக்காது என்று கைகழுவிய பிறகு, அவளுக்கு நாற்பது தாண்டி நடந்த கல்யாணம். ஊரடங்கு வந்ததிலிருந்து அந்தக் கல்யாணம் சனிக்கிழமை காலையில் தொடங்கி ஞாயிறு மாலையில் முடிந்துவிடும். வாராவாரம் புதிதாகத் தொடங்குவதால் அதில் அவள் ஒரு குறையும் காணவில்லை.

ரயிலில் தூங்கிக்கொண்டு போகலாம், விழித்துக்கொண்டு போகக்கூடாது. சட்டம் அவ்வளவுதான். அதன் காரணத்தை அவளுக்கு விளக்கியவன் சுடலைமுத்து. முந்தின வருடம் தை மாதம் அவள் காய்ச்சலில் கிடந்து எழுந்த மறுநாள், கஞ்சியை ஆற்றிக்கொண்டே சொன்னான்.

"அந்தக் கிருமிக்கு மனுசன் முழிச்சிருக்கணும். முழிச்சிருக்கவன் மூச்சுலதான் அது வெளிய வரும். ஆளு தூங்குனா அதுவும் தூங்கிரும். அதான் புகையைப் போட்டுத் தூங்க வச்சுக் கொண்டுபோறாங்க."

"எனக்கு ராத்திரி பொட்டுத் தூக்கம் வரலயே."

"வராது. வந்துட்டுப் போனவங்களுக்குத் தூக்கத்தை எடுத்துட்டுத்தான் போகும் அது. முழிப்புக் காய்ச்சல்னு சும்மாவா பேரு வச்சான். ஆனா இனி உன்கிட்டருந்து யாருக்கும் ஒட்டாது. உனக்கும் மறுபடி வராது."

"நல்லதாப் போச்சு. போய்ச் சொல்லிருவோம்."

சுடலைமுத்து கஞ்சியைக் கீழே வைத்தான். "சொல்லு. நாளைக்கே வேன் வரும். விழிப்புப் படையில சேத்துருவாங்க. மூணு வருசம், லீவு கிடையாது. நம்ம தெரு கனகமணி போனாள்ல, அவ மாமியா கேட்டுருக்கா, வீட்டுக்கு எப்ப அனுப்புவீகன்னு. தூங்காதவங்களுக்கு எதுக்கும்மா வீடுன்னு கேட்டானாம் அந்த ஆபீசர். ஆஸ்பத்திரியில பகல் ஷிப்டும் அவதான், ராத்திரி ஷிப்டும் அவதான்."

"ரெண்டு சம்பளமா?"

"ஒரு சம்பளம். ரெண்டாவது ஷிப்டு தேசத்துக்கு."

மூன்று வருடத்து ஞாயிற்றுக்கிழமைகளை அவள் மனதுக்குள் ஒருமுறை அடுக்கிப் பார்த்தாள். பிறகு சொல்லவேண்டாம் என்று முடிவானது.

ரயிலில் ஏறியதும் எல்லாருக்கும் விரலில் ஒரு மோதிரம் மாட்டுவார்கள். தூங்கினால் பச்சை, விழித்தால் சிவப்பு. தூங்குகிறவர்களுக்கு விரல் நுனி சூடாகும், மோதிரம் அதைத்தான் பார்க்கிறது என்று சுடலைமுத்து எங்கிருந்தோ தெரிந்துகொண்டு வந்தான். மறு வாரம் அவள் பையில் தலைவலித் தைலம் ஒரு குப்பி இருந்தது. விரலில் அழுத்தித் தேய்த்தால் மோதிரம் பச்சை காட்டியது. ஜன்னல்களை அடைத்துவிட்டு ஜாதிக்காய் மணக்கிற புகையைப் பெட்டிக்குள் விடுவார்கள். அது அவளுக்கு லேசாகத் தலைவலியைக் கொடுக்கும். கையில்தான் தைலம் இருக்கிறதே.

ஆக, விடியும்வரை அசையாமல் கிடப்பது ஒன்றுதான் வேலை. அதுகூடப் பெரிய கஷ்டமில்லை. சிறுவயதிலிருந்தே அவள் அதிகம் பேசாதவள். கண்ணை மூடிக்கொண்டு, சக்கரங்களின் சத்தத்தில் தன் யோசனைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து வைப்பாள். தூங்குகிற ஒரு பெட்டி நிறைய மனிதர்களுக்கு நடுவில் தான் ஒருத்தி மட்டும் விழித்திருப்பது அவளுக்குச் சில சமயம் பெருமையாகவும் சில சமயம் பயமாகவும் இருக்கும். மொத்தப் பெட்டியும் தைலமாக மணக்கிறதே, தான் கொஞ்சம் அதிகமாகப் பூசிவிட்டோமோ என்றும் தோன்றும்.

தொந்தரவு லூர்துசாமியால் வந்தது.

லூர்துசாமி பெட்டிக்குப் பொறுப்பான ஆள். விழிப்புப் படைக்காரர், திருச்சி பொன்மலை. உத்தியோகப் பெயர் உறக்கப் பரிசோதகர். ஜனங்கள் தூக்க டிடிஆர் என்பார்கள். எல்லா மோதிரங்களும் பச்சையா என்று பார்த்துவிட்டு வந்து பக்கவாட்டு இருக்கையில் உட்கார்ந்தால், விடியும்வரை அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. ஒன்றரை வருடமாக அவர் யாரோடும் உட்கார்ந்து பேசியதில்லை.

அந்தப் புகையில் தூங்குகிறவர்களிடம் ஒரு விசேஷம் உண்டு. கேட்டால் பதில் சொல்வார்கள். உண்மையைத்தான் சொல்வார்கள் என்று டாக்டர்கள் எழுதியிருந்தார்கள். விழித்தபின் அவர்களுக்கு அது நினைவிருக்காது. தாமாக எதையும் பேசமாட்டார்கள், திருப்பி ஒன்றும் கேட்கவும் மாட்டார்கள். பயணிகளிடம் கேள்வி கேட்கக்கூடாது என்று பரிசோதகர்களுக்குக் கண்டிப்பான உத்தரவு. லூர்துசாமி அந்த உத்தரவைக் கொஞ்ச நாள் மதித்தார்.

"பாய், உங்க வீட்டுச் சமையல் எப்படி?" என்று ஒரு வெள்ளிக்கிழமை கேட்டார்.

எதிர்ப்பக்கக் கீழ்ப்படுக்கையில் கிடந்தவர் ஜமால் முகைதீன், மேலப்பாளையத்துக்காரர், மருந்து மொத்த வியாபாரி. கண் திறக்காமல், சாவதானமாகப் பதில் வந்தது. "முப்பது வருசமா நல்லாருக்குன்னு சொல்லுதேன். அல்லா என்னை மன்னிக்கணும்."

செண்பகவல்லி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"டீச்சரம்மா, நீங்க செஞ்ச பெரிய தப்பு எது?"

நடுப்படுக்கையில் இருந்தவள் ஹெப்சிபா, வேலை கேட்டதற்கு டீச்சர் என்று சொல்லியிருந்தாள். பாளையங்கோட்டை. "எங்க ஸ்கூல் கிறிஸ்மஸ் நாடகத்துல ஏரோது ராஜா கிரீடம் காணாமப் போச்சு. அது எங்க வீட்லதான் இருக்கு."

"எதுக்கு எடுத்தீங்க?"

"ஞாயித்துக்கிழமை மத்தியானம் வீட்ல யாரும் இல்லைன்னா தலையில வச்சுக்கிடுவேன்."

லூர்துசாமி சத்தமில்லாமல் சிரித்தது இருக்கை ஆடியதில் தெரிந்தது. அடுத்து அவர் இவள் பக்கம் திரும்பினார். "செண்பகவல்லியம்மா, நீங்க?"

பதில் சொல்லாமல் கிடந்தால் விழித்திருப்பது தெரிந்துவிடும். உண்மையைச் சொன்னால் அந்த உண்மை தூங்கவில்லை என்பதுதான். அவள் வாயில் வந்ததைச் சொன்னாள். "எங்க சின்னம்மா வளத்த கிளியை நான்தான் திறந்துவிட்டேன். பூனை மேல பழியைப் போட்டேன்."

"ஏன்?"

"அது வீட்ல எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிடும். என்னைய மட்டும் கூப்பிடாது."

அவளுக்குச் சின்னம்மாவே கிடையாது. அடுத்த வாரத்துக்கு இன்னொரு பொய் தேவைப்படும் என்பது கோவில்பட்டியில் இறங்கும்போதுதான் உறைத்தது. அதன்பிறகு தொழிற்சாலையில் வால்வுகளைச் சோதித்துக்கொண்டே ஒரு பொய்யைத் தயார் செய்வாள். பாயும் டீச்சரும் இதயத்தைத் திறந்து கொட்டிக்கொண்டிருக்க, தான் மட்டும் புளுகுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. பாய் தன் மனைவியின் மீன் குழம்பைப் பற்றி வாராவாரம் சொன்னவை அவ்வளவு துயரமானவை. அந்தப் பெண்மணிக்காக இவளுக்குக் கோபம்கூட வந்தது. டீச்சர், பள்ளிக்கூட மணியைப் பத்து நிமிடம் முன்னதாக அடித்துவிட்டு ஆவி மேல் பழி போட்ட கதையைச் சொன்ன இரவில், சிரிப்பை அடக்க அவள் வால்வுகளின் எண்களை மனதில் ஒப்பிக்க வேண்டியிருந்தது.

சில இரவுகளில் லூர்துசாமி ஒன்றும் கேட்கமாட்டார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு அடைத்த ஜன்னலையே பார்த்திருப்பார். வைகாசியில் ஒரு வாரம், பாயிடம் ஒரு கேள்வியைத் தொடங்கியவர் பதிலைக் கேட்காமலே எழுந்துபோய்க் கதவோரம் நின்றார். திருச்சி தாண்டும்வரை திரும்பி வரவில்லை. ஏன் என்று கேட்க, சட்டப்படி யாரும் விழித்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அவர் கேட்டார். "செண்பகவல்லியம்மா, ஞாயித்துக்கிழமைன்னா வீட்ல என்ன செய்வீங்க?"

அன்று என்னவோ அவளுக்குப் பொய் வரவில்லை. "காய் நறுக்குவோம். ரெண்டு பேரும் எதிர் எதிர உக்காந்து. அவரு வெண்டைக்காயை மட்டும் விரல் நீளத்துக்கு நறுக்குவாரு. வேகவே வேகாது. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"அப்பறம்?"

"அவ்வளவுதான்."

"நல்லாருக்கும்மா," என்றார். ரயில் சீராக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மனுசன் தன்னிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறார். அவள் வாய் தானாகத் திறந்தது.

"நீங்க சாப்பிட்டீங்களா?"

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. தூங்குகிறவர்கள் கேட்கமாட்டார்கள். எந்த டாக்டர் புத்தகத்திலும் தூங்குகிற ஒருத்தி சாப்பிட்டீர்களா என்று கேட்டதாக இருக்காது. பயத்தில் விரல் குளிர்ந்துவிடுமோ என்று கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்ளப் போனாள். அதையும் செய்யக்கூடாது என்று நிறுத்தினாள். பாயின் குறட்டைகூட நின்றுவிட்ட மாதிரி இருந்தது. ரயில் ஒரு பாலத்தின் மேல் ஏறி, அதைக் கடந்து முடித்தது.

"இல்லம்மா," என்றார் லூர்துசாமி மெதுவாக. "இன்னைக்கி எங்களுக்குப் பொட்டலம் வரல."

எழுந்து போய்விட்டார். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் தன்னை இறக்க ஆள் வரும் என்று அவள் காத்திருந்தாள். யாரும் வரவில்லை.

அடுத்த வாரம் அவர் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று, சுவரிடம் சொல்வதுபோலச் சொன்னார். "இன்னைக்கி சாப்பிட்டேன். தயிர்சாதம். அப்பறம் ஒரு விஷயம். இந்தப் பெட்டியில மட்டும் தண்ணித் தொட்டி காலியாகுதாம். தூங்குறவங்க பெட்டியில தண்ணி எப்படித் தீரும்னு மேல கேட்டிருக்காங்க. அடுத்த வாரம் சோதனைக்கு ஆள் வருது. சும்மா சொல்லி வைக்கிறேன்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ராத்திரியில் ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை, அவர் கதவோரம் போயிருக்கும் நேரம் பார்த்துக் கழிவறைக்குப் போய்வருவாள். அதற்கா ஒரு தொட்டி காலியாகும்?

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானத்திலிருந்தே அவள் தண்ணீர் குடிக்கவில்லை.

சோதனை அதிகாரி விழுப்புரத்தில் ஏறினார். பெயர் சௌந்தரபாண்டியன். யாரோ விழித்திருக்கிறார்கள் என்ற சந்தேகத்தில் வருவதால், தலை முதல் கால் வரை காற்றுப் புகாத உறை, கண்ணாடி வைத்த தலைக்கவசம். இமை இடுக்கில் பார்த்தபோது, கிணற்றுக்குத் தூர் வார வந்தவர் வழிதவறி ரயிலேறிய மாதிரி இருந்தது அவளுக்கு.

"மோதிரத்தை நம்பப்படாதுய்யா," என்றார் கவசத்துக்குள்ளிருந்து. மதுரைக் குரல். "ஸ்பிரிட் பஞ்சு வச்சு விரலைத் துடைச்சிட்டுப் பாத்தா வண்டவாளம் தெரிஞ்சிரும். இந்தம்மாட்ட ஆரம்பிப்போம்."

"அவங்க நல்லாத் தூங்குறாங்க சார்," என்றார் லூர்துசாமி.

"அதை மோதிரம் சொல்லட்டும்."

ஜில்லென்று பஞ்சு விரலைத் துடைத்தது. தைலம் போய்விட்டது. மோதிரம் இன்னும் பச்சையாகத்தான் இருந்தது, ஆனால் விரல் நுனி ஆறிக்கொண்டிருப்பதை அவளால் உணர முடிந்தது. கொஞ்ச நேரம்தான். வேன், ஆஸ்பத்திரி, பகல் ஷிப்டு, ராத்திரி ஷிப்டு. வெண்டைக்காயை இனி அவன் தன் இஷ்டத்துக்கு நறுக்கித் தானே தின்னட்டும் என்று நினைத்துக்கொண்டாள். அழுகை முட்டியது. தூங்குகிறவர்கள் அழலாமா என்பதும் அவளுக்குத் தெரியவில்லை.

அதிகாரி காத்திருந்தார். காத்திருந்தவர் பாயின் கால்மாட்டில் உட்கார்ந்தார். பிறகு சாய்ந்தார்.

"சார், என்ன சார் ஒரு மாதிரி ஆயிட்டீங்க?"

"சுகர்யா. ஊசி போட்டுட்டு இந்த உறைக்குள்ள ஏறுனேன்."

"சாப்பிட்டீங்களா?"

"எங்கிட்டுச் சாப்பிட. இதைக் கழட்டி மாட்ட ஒரு மணி நேரம் ஆகும். காலையில தின்ன ரெண்டு இட்லி," என்று சொல்லிக்கொண்டே அவர் சரிந்து தரையில் விழுந்தார். கவசம் இரும்பில் இடித்தது.

"சார்," என்று லூர்துசாமி உலுக்கினார். பதில் இல்லை. அந்த ரயிலில் கேண்டீன் கிடையாது, தூங்குகிறவர்களுக்கு எதற்கு. அவரிடமும் ஒன்றும் இல்லை. அடுத்த ஸ்டேஷன் வெகுதூரம். எதையோ தேடுகிற மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அவர் அப்படியே முட்டிபோட்டு உட்கார்ந்துவிட்டார்.

செண்பகவல்லி கண்ணை மூடிக் கிடந்தாள். இப்படியே கிடந்தால் விருத்தாசலத்தில் இந்த ஆளை இறக்கிவிடுவார்கள், உயிரோடோ இல்லாமலோ. மோதிரத்தை யாரும் பார்க்கப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகள் அவளிடமே இருக்கும். அவள் தலைமாட்டுப் பையில் மாங்காய்ச் சாதம். எவ்வளவு நேரம் யோசித்தாள் என்பதை அவள் சொல்வதில்லை. யோசித்தேன் என்பதை மட்டும் மறைக்காமல் சொல்கிறாள்.

பிறகு எழுந்து உட்கார்ந்து பையை இழுத்தாள்.

டிபன் கேரியரின் கொக்கி திறக்கிற சத்தம் கேட்டது. அவளிடம் டிபன் கேரியர் கிடையாது.

நிமிர்ந்து பார்த்தாள். எதிரே ஜமால் முகைதீன் பாய் உட்கார்ந்து, முதல் அடுக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தலைக்கு மேலிருந்து ஒரு கை இறங்கியது. அதில் கடலை மிட்டாய்.

"முதல்ல இனிப்பைக் குடுங்க," என்றாள் ஹெப்சிபா. "சாதம் அப்புறம்."

அடுத்த தடுப்பிலிருந்து ஒரு ஆள் வாழைப்பழத்தோடு எட்டிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் ஒரு பெண் சர்க்கரை டப்பாவோடு. மேல்படுக்கைகளிலிருந்து பொட்டலங்கள் இறங்கின. நடைபாதை முழுக்க, கையில் இட்லியும் முறுக்கும் பேரீச்சம்பழமும் வைத்துக்கொண்டு, பெட்டி மொத்தமும் நின்றுகொண்டிருந்தது. அவளுடையதைத் தவிர எல்லாருடைய மோதிரமும் பச்சையாக எரிந்தது. காற்றெல்லாம் தைல வாசனை.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தான் ஒருவர் மட்டுமே விழித்திருப்பதாக அவ்வளவு காலமும் நினைத்திருந்த அத்தனை பேருக்கும், அதைவிட்டு இறங்கிவரக் கொஞ்ச நேரம் தேவைப்பட்டது.

"தலையில உள்ளதைக் கழட்டுங்க," என்றாள் செண்பகவல்லி.

லூர்துசாமி தயங்கினார். "இவருக்கு ஒட்டிட்டா?"

"இங்க யாருகிட்டருந்து ஒட்டப்போகுது," என்றார் பாய். "எல்லாருக்கும் வந்துட்டுப் போனதுதான?"

கழற்றினார்கள். கடலை மிட்டாயைப் பொடித்து வாயில் வைத்து, சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அதிகாரி கண்ணைத் திறந்தார். தன்னைச் சுற்றி நின்ற முகங்களை எல்லாம் வரிசையாகப் பார்த்தார். கவசத்தைத் தேடிக் கை போனது, பிறகு பாதியில் நின்றது.

"பயப்படாதீங்க," என்றார் பலவீனமாக. "எனக்குப் போன வருசம் மாசியிலயே வந்துட்டுப் போச்சு."

"அப்ப இந்த உறை எதுக்கு?"

"போடலைன்னா ஏன் போடலைன்னு கேப்பாங்கள்ல."

முதலில் சிரித்தது டீச்சர். பிறகு பெட்டியே சிரித்தது. சாப்பாட்டைப் பிரித்து உட்கார்ந்தார்கள். பாயின் மீன் குழம்பை ஒரு வாய் சாப்பிட்ட செண்பகவல்லி அப்படியே நிறுத்தினாள்.

"பாய், இதையா முப்பது வருசமா குறை சொல்லுதீக? அந்தம்மா கையைக் கண்ணுல ஒத்திக்கிடலாம்."

"எந்தம்மா? எனக்கு நிக்காஹே ஆகலைம்மா. நானே பொங்குனது."

"ஏரோது கிரீடம்?" என்று லூர்துசாமி மேலே பார்த்துக் கேட்டார்.

"நான் டீச்சரே இல்லை. பத்திர ஆபீஸ் டைப்பிஸ்ட்டு," என்றாள் ஹெப்சிபா. "உங்ககிட்ட உண்மையைச் சொல்ல முடியுமா? ஏதோ நீங்களும் சிரிச்சுக்கிட்டு இருந்தீங்க. சரி, பாய் சொல்லுதது மட்டும் நிஜம்னு நினைச்சுக்கிட்டு அவரை மிஞ்சணும்னு பாத்தேன்."

"அந்தக் கிளி?" என்றார் பாய் இவளைப் பார்த்து. "நான் அதுக்காக ஒரு வாரம் மனசு கஷ்டப்பட்டேன்."

லூர்துசாமி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "தூங்குறவன் இவ்வளவு கோர்வையாக் கதை சொல்லமாட்டான்னு எனக்கு மொத மாசமே சந்தேகம். கேட்டா நின்னுருமேன்னு கேக்கல." துடைத்த கையை மடியில் வைத்தார். சிரிப்பு மெல்ல வடிந்தது. "சார், ஒண்ணு கேக்கவா? புதுசா ஒருத்தருக்கு இது வந்து எவ்வளவு நாளாச்சு?"

அதிகாரி இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தார். "ஒரு வருசம் இருக்கும். வர இனி ஆளு ஏது? எல்லாருக்கும் வந்துருச்சு. சொல்லத்தான் ஆள் இல்ல."

"மேல இருக்கவங்களுக்குத் தெரியாதா?"

"புது நோயாளி வந்தா சட்டம் பத்தலன்னு எழுதுவாங்க. வரலைன்னா சட்டம் நல்லா வேலை செய்யுதுன்னு எழுதுவாங்க. எடுக்கலாம்னு எழுத ஒரு காரணம் வேணும்ல."

"ஒரு வருசம்," என்றார் லூர்துசாமி. "வைகாசியில எங்கம்மா செத்துப்போச்சு. பொன்மலையில. இந்த ரயில் அன்னைக்கி எங்க ஊர் வழியாத்தான் போச்சு. இறங்க அனுமதி கேட்டேன், தரல. நோய் பரவும்னாங்க. ஸ்டேஷன்லேருந்து வீடு, சைக்கிள்ல போனா கொஞ்ச தூரம்தான். நான் பாய்கிட்ட மீன் குழம்பைப் பத்திக் கேக்க வந்தேன், முடியல."

யாரும் சாப்பிடவில்லை. அந்த இரவில் இதே படுக்கைகளில் இவர்கள்தான் கிடந்தார்கள். கதவோரம் நின்ற முதுகை இமை இடுக்கு வழியாகப் பார்க்காதவர்கள் அங்கே அநேகமாக யாருமில்லை. கேட்டிருக்கலாம். ஒருவர் எழுந்து கேட்டிருந்தால் போதும். செண்பகவல்லி தன் கையில் இருந்த சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அமைதி எவ்வளவு நீளம் என்பதில் மட்டும் இதைச் சொல்கிறவர்களின் நினைவெல்லாம் ஒத்துப்போகிறது. விருத்தாசலம் வந்து, நின்று, போனது.

திருச்சி நெருங்க நெருங்க ஒருவர் பின் ஒருவராகக் கை கழுவிவிட்டு வந்து படுத்துக்கொண்டார்கள். யாரும் யாரையும் படுக்கச் சொல்லவில்லை. அதிகாரி கவசத்தை மாட்டிக்கொண்டு திருச்சியில் இறங்கினார். தண்ணீர் தீர்வதற்குக் காரணம் குழாய் ஒழுகல் என்று எழுதிக் கொடுத்தார்.

விடிந்தபோது கோவில்பட்டி. அங்கே இறங்குகிறவர்களைத் தள்ளுவண்டியில் வைத்து, எழுப்பும் அறைக்குக் கொண்டுபோவது வழக்கம். தள்ளுவண்டியோடு வந்த ஊழியன் படியில் நின்றுகொண்டிருந்த செண்பகவல்லியைப் பார்த்தான். அவள் கண்கள் திறந்திருந்தன.

"யக்கா, படுத்துருங்க," என்று அவன் கெஞ்சினான், பின்னால் நகர்ந்துகொண்டே. "நான் பாக்கல, சத்தியமாப் பாக்கல. படுத்துருங்க."

"பாரு தம்பி. நல்லாப் பாரு. நான் முழிச்சுக்கிட்டுத்தான் வந்தேன்."

கம்பித் தடுப்புக்கு வெளியே சுடலைமுத்து நின்றிருந்தான். முகம் வெளிறிவிட்டது. "செம்பகம், கண்ணை மூடு. சொன்னாக் கேளு. மூணு வருசம்ட்டி."

"தெரியும். அந்த டிடிஆருக்கு அம்மா செத்துப்போனாக. நான் பக்கத்துலயே படுத்துக் கிடந்தேன். இனி என்னால படுக்க முடியாது."

அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவளுக்குப் பின்னால் லூர்துசாமி இறங்கினார். அவருக்குப் பின்னால் பாய் டிபன் கேரியரோடு இறங்கினார். ஹெப்சிபா கடைசிப் படியில் நின்று கொஞ்சம் யோசித்தாள். "எனக்கு டிக்கெட் திருநெல்வேலி வரைக்கும் இருக்கு," என்றாள். "ஆனா மிட்டாய் தீந்துபோச்சு, இங்கதான வாங்கணும்," என்று சொல்லிவிட்டு இறங்கினாள். மற்றவர்கள் இறங்கவில்லை. ரயில் புறப்படும்போது ஜன்னல்கள் அடைத்தே இருந்தன.

நான்கு பேரையும் ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்துச் சோதித்தார்கள். கிருமி இல்லை. காவலுக்கு வந்த போலீஸ்காரர்களையும் சந்தேகத்தில் சோதித்தார்கள். அவர்களுக்கும் எப்போதோ வந்து போயிருந்தது. சோதித்த டாக்டருக்கும் அப்படியே. விஷயம் மண்டபத்தைத் தாண்டிப் பரவ மாதக்கணக்கானது. கடைசியில் சட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டது. தூங்கும் பயணத் திட்டத்தால் நோய் ஒழிந்தது என்று அறிவித்தார்கள்.

சௌந்தரபாண்டியனுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. ஜமால் முகைதீன் பாய் அதற்கு அடுத்த வருடம் மாரடைப்பில் காலமானார். ஹெப்சிபா ஓய்வு பெற்றுப் பாளையங்கோட்டையில் தங்கை வீட்டில் இருக்கிறாள். லூர்துசாமி பொன்மலைக்குத் திரும்பிச் சைக்கிள் கடை வைத்திருக்கிறார், ரயில் ஏறுவதில்லை. செண்பகவல்லி சட்டம் விலகும்வரை தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் இரண்டு ஷிப்டு வேலை செய்தாள். பிறகு சென்னை வேலையை விட்டுவிட்டுக் கோவில்பட்டியோடு வந்துவிட்டாள். சுடலைமுத்துவுக்கு அந்தக் காய்ச்சல் வரவே இல்லை. படுத்ததும் தூங்கிவிடுகிறான். பெட்டியில் இருந்த மற்றவர்கள், அன்று அந்த ரயிலில் போனதாக இப்போது ஒப்புக்கொள்கிறார்கள். நன்றாகத் தூங்கிவிட்டோம், ஒன்றும் நினைவில்லை என்கிறார்கள்.